உள்ளறையும் தெருவும்

திருநீற்றுப் புதனன்று விடியற்காலைத் திருப்பலியில் முதல் வாசகம் வாசிப்பது பல ஆண்டுகளாக என் பொறுப்பு. இறைவாக்கினர் யோவேலின் நூலிலிருந்து வரும் பகுதி அது. எக்காளம் ஊதி ஊரைக் கூட்டச் சொல்கிறார் யோவேல். கிழவர் கிழவிகள் வர வேண்டும், பிள்ளைகள் வர வேண்டும், தாய்ப்பால் குடிக்கிற குழந்தையைக்கூட வீட்டில் விட்டுவிட்டு வரக் கூடாது. நேற்றுத்தான் கல்யாணம் முடிந்தது என்று மாப்பிள்ளையும் பெண்ணும் உள்ளே இருந்துகொள்ள முடியாது. அவர்களும் அறையைவிட்டு வெளியே வந்து ஊரோடு சேர்ந்து அழ வேண்டும். வாசித்து முடித்து நான் என் இடத்தில் வந்து உட்காருவேன். சற்று நேரத்தில் பங்குத்தந்தை மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தை வாசிப்பார். அங்கே இயேசு வேறு வழி காட்டுகிறார். செபிக்க நினைத்தால் உள்ளறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். நோன்பிருந்தால் முகத்தைக் கழுவி, தலைக்கு எண்ணெய் வைத்து, பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும். ஒரு கை செய்கிற தருமம் மறு கைக்குத் தெரியக் கூடாது.

ஒரே காலை, ஒரே திருப்பலி. ஒரு வாசகம் அறையைவிட்டு வெளியே வரச் சொல்கிறது. இன்னொன்று அறைக்குள் போகச் சொல்கிறது. இரண்டையும் கேட்ட கையோடு நாங்கள் வரிசையாகப் போய் நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு, அந்த நெற்றியோடு மீன்சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் போகிறோம்.

மறைக்கல்வி வகுப்பில் ஒரு பையன் இதைக் கேட்டுவிட்டான். “முகத்தக் கழுவுன்னு ஏசு சொல்லுதாரு. நாம ஏன் டீச்சர் சாம்பலப் பூசிட்டுப் போறோம்?” மனம்தான் முக்கியம், வெளிப்பூச்சு அல்ல என்று சொல்லி அவனை உட்கார வைத்தேன். அது பொய்யான பதில் அல்ல. ஆனால் அந்தப் பதிலோடு என்னால் நிற்க முடியவில்லை. மனம் மட்டும் போதுமென்றால் யோவேலை எதற்கு வாசிக்கிறோம்? ஊர் முழுக்கக் கூடுவது எதற்கு? கடவுளுக்கும் எனக்கும் நடுவில் நடக்கிற ஒன்றில் பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன இடம்? தவக்காலம் வரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் வந்துவிடுகிறது.

எங்கள் ஊர் கோட்டாறு மறைமாவட்டத்துக் கடற்கரைக் கிராமம். கோயில் வாசலில் மணல், மணலைத் தாண்டினால் கடல். மேல்நாட்டுப் புத்தகங்களில் உயிர்ப்புக் காலமென்றால் பனி உருகிப் புல் தலைகாட்டுகிற காலம். எங்களுக்கு அது பங்குனியும் சித்திரையும். வேப்பம்பூ உதிர்கிற, கொல்லாம்பழ வாசம் காற்றில் வருகிற, நுங்கு வெட்டுகிற காலம். ஆனியில் சீறப்போகிற கடல் அப்போது சாதுவாகக் கிடக்கும். வசந்தச் சம இரவு நாளிலோ அதற்குப் பின் முதலாவதாகவோ வரும் முழுநிலவுக்கு அடுத்த ஞாயிறு உயிர்ப்பு ஞாயிறு என்பதால் பெரிய வெள்ளி இரவில் நிலா பெரும்பாலும் பெரிதாகவே நிற்கும். பல ஆண்டுகளில் அதே நிலவில்தான் முருகன் கோயில்களில் பங்குனி உத்திரமும் நடக்கிறது. 2024இல் மார்ச் 25 பங்குனி உத்திரம், 29 பெரிய வெள்ளி. அந்த வாரம் காவடி எடுக்கிறவர்களும் சிலுவை சுமக்கிறவர்களும் ஒரே வெயிலில் செருப்பில்லாமல் நடந்தார்கள்.

தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் சாயங்காலம் சிலுவைப் பாதை தெருவுக்கு இறங்கும். வாரத்துக்கு ஓர் அன்பியம் பொறுப்பு. அன்பியம் என்பது பக்கத்துப் பக்கத்து வீடுகளாக முப்பது குடும்பம் போலச் சேர்ந்த குழு. வாரம் ஒரு வீட்டில் கூடி விவிலியம் வாசிப்போம், யார் வீட்டில் நோய், யார் வீட்டில் கடன், யார் வீட்டில் பேச்சுவார்த்தை நின்றுபோயிற்று என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். சிலுவைப் பாதைக்குப் பதினான்கு வீடுகளைத் தேர்ந்தெடுப்போம். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சின்ன மேசை, வெள்ளைத் துணி, மரச்சிலுவை, கடற்காற்று அணைத்துவிடாதபடி கண்ணாடிக் கூட்டுக்குள் இரண்டு மெழுகுதிரி. அந்த வீட்டுக்காரர் அந்த நிலைக்கான சிந்தனையை வாசிப்பார், கூட்டம் பதில் சொல்லும், பாட்டோடு அடுத்த வாசலுக்கு நகரும். முடிந்ததும் கோயில் முற்றத்தில் கஞ்சியும் சிறுபயறும். அரிசி எல்லாம் பிடியரிசி. தினமும் உலையில் போடுமுன் ஒரு பிடி எடுத்து ஒதுக்கி வைத்துச் சேர்த்தது.

எருசலேமுக்குப் போய்க் கிறிஸ்து நடந்த வழியில் நடக்க வசதியில்லாதவர்கள் அந்த வழியைத் தங்கள் ஊருக்குக் கொண்டுவந்ததுதான் சிலுவைப் பாதை. பிரான்சிஸ்கன் துறவியர் அதைப் பரப்பினார்கள். 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் பதினான்கு நிலைகள் என்று உறுதிசெய்தார். ஓர் ஏழை வீட்டு வாசலில் பிலாத்துவின் அரண்மனையும் அடுத்த வாசலில் கல்வாரியும் அமைவது எனக்கு இன்றும் பெரிய விஷயமாகவே இருக்கிறது.

தவக்காலம் எப்படித் தோன்றியது என்று படித்தபோதுதான் பையனின் கேள்விக்கு ஒரு வழி தெரிய ஆரம்பித்தது. திதாக்கே என்ற மிகப் பழைய கிறிஸ்தவ நூல் ஒன்று உண்டு. திருமுழுக்குக்கு முன்னால் திருமுழுக்குப் பெறுபவர் நோன்பிருக்க வேண்டும் என்கிறது அது. அதோடு விடவில்லை. கொடுப்பவரும் இருக்க வேண்டும், முடிந்த மற்றவர்களும் இருக்க வேண்டும் என்கிறது. அந்த மற்றவர்கள் ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவர்கள். தங்களுக்காக அவர்கள் பட்டினி கிடக்கவில்லை, புதிதாக வரப்போகிற ஒருவருக்குத் துணையாகக் கிடந்தார்கள். உயிர்ப்பு இரவில் திருமுழுக்குப் பெறப்போகிறவர்களோடு சபையே சேர்ந்து தயாரித்துக்கொண்ட நாள்களும் தவக்காலம் உருவாக ஒரு காரணமாயின.

சாம்பலின் கதையும் இப்படியே. ஆதியில் அது எல்லோருக்கும் உரியதாக இருக்கவில்லை. ஊரறியப் பெரிய பாவம் செய்து, ஊரறிய மனம் வருந்தி வருகிறவர்களைத் தவக்காலத் தொடக்கத்தில் தனியாகப் பிரித்து வைப்பார்கள். பெரிய வியாழனன்று திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். சாம்பல் அவர்களுக்கு. காலப்போக்கில் மற்றவர்களும் தாமாக வந்து தலையைக் காட்டினார்கள். 1091இல் பெனவெந்தோவில் கூடிய சங்கம் குருக்களும் பொதுமக்களும் அனைவரும் சாம்பல் பெற வேண்டும் என்று விதித்தது. ஊர் ஒதுக்கி வைத்தவனின் அடையாளத்தை ஊரே எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டது. சாம்பலில் இந்த வரலாறு இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அதைப் பூசிக்கொண்டு வெளியே நடப்பதை நோன்பைக் காட்டிக்கொள்வதாக என்னால் நினைக்க முடியவில்லை. நானும் அவர்களில் ஒருத்தி என்று ஒப்புக்கொண்டு நடக்கிறேன். பெருமைக்கு அதில் இடமில்லை.

எங்கள் கரைக்கு விசுவாசம் வந்த விதமும் தனித்தனியாக அல்ல. 1544ஆம் ஆண்டின் கடைசியில் புனித பிரான்சிஸ் சவேரியார் இந்தத் திருவிதாங்கூர்க் கடலோரம் நடந்து ஊர் ஊராகத் திருமுழுக்குக் கொடுத்தார். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான். முத்துக்குளித்துறையில் கையில் மணியோடு தெருவில் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, செபங்களை அவர் சொல்லச் சொல்லக் கூட்டமாகத் திருப்பிச் சொல்ல வைத்தார். ஒருவர் முன்னே சொல்ல ஊர் பின்னே சொல்வது என்பது எங்கள் செபத்தின் மூச்சிலேயே இருக்கிறது.

இதெல்லாம் படிப்பில் தெரிந்தது. உறைத்தது 2018ஆம் ஆண்டுத் தவக்காலத்தில்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் எங்கள் மாவட்டக் கடலில் அடித்தது. ஆழ்கடலுக்குப் போயிருந்த ஆண்களில் நிறையப் பேர் திரும்பவில்லை. பெண்கள் இரவும் பகலும் கரையில் உட்கார்ந்திருந்தார்கள். தேடுங்கள், தேடுங்கள் என்று கேட்டு, டிசம்பர் 7 அன்று பல ஊர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். குருக்களும் கூட இருந்தார்கள். மனுவில் கையெழுத்துப் போட்ட அதே விரல்களில்தான் செபமாலையும் இருந்தது. சில வீடுகளுக்கு உடல் வந்தது. சில வீடுகளுக்கு ஒன்றும் வரவில்லை. காணாமற்போனவரைச் சட்டம் இறந்தவராகக் கொள்ள ஏழு ஆண்டு ஆக வேண்டும். அதுவரை மனைவி விதவையும் இல்லை, சுமங்கலியும் இல்லை. தாய் அழலாமா கூடாதா என்று தாய்க்கே தெரியாது.

எங்கள் அன்பியத்தில் அப்படி ஒரு வீடு இருந்தது. இளம்பெண், இரண்டு பிள்ளைகள், கணவனின் தாய். புயலுக்குப் பிறகு அந்தப் பெண் கோயிலுக்கு வரவில்லை. கிறிஸ்து பிறப்புக்கும் வரவில்லை. நாங்கள் போனால் கதவைத் திறப்பாள், தண்ணீர் கொடுப்பாள், செபம் தொடங்கினால் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். எழுந்து போகிறவளை யாரும் தடுக்கவில்லை, அதைப் பற்றி வெளியே பேசவுமில்லை. எங்கள் அன்பியம் செய்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 14 திருநீற்றுப் புதன். அதற்கு முன்னால் சிலுவைப் பாதைக்கு வீடுகளைப் பட்டியலிட உட்கார்ந்தோம். தெரு வரிசைப்படி போட்டால் பதினான்காம் நிலை, இயேசுவைக் கல்லறையில் அடக்கம் செய்வது, அந்த வீட்டு வாசலில் வந்தது. மாமியார் எழுந்து நின்றார். “எங்க வீட்டு முன்னால அடக்கம் வேண்டாம் டீச்சர். அவன அடக்கம் பண்ணலயே.” கூட்டத்தில் யாரும் பேசவில்லை. பாதையை வேறொரு வீட்டிலிருந்து தொடங்கலாம் என்று ஒருவர் சொன்னார். மாற்றிப் போட்டோம். அந்த வீட்டுக்கு ஐந்தாம் நிலை வந்தது: சீரேனே ஊர் சீமோன் இயேசுவின் சிலுவையைச் சுமக்கிறார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வாசலுக்குப் போனபோது மேசை இருந்தது, வெள்ளைத் துணி இருந்தது, மெழுகுதிரி எரிந்தது. அந்தப் பெண் மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். வாசிக்க வேண்டிய புத்தகத்தை என் கையில் கொடுத்தாள். “எனக்கு செபம் வாயில வரமாட்டேங்கு டீச்சரக்கா. நீங்க வாசிங்க. நான் கூட நிக்கேன்.”

நான் வாசித்தேன். அவள் நின்றாள். கூட்டம் பதில் சொன்னது. அவள் உதடு அசையவில்லை. பாட்டு எழுந்து கூட்டம் ஆறாம் நிலைக்கு நகர்ந்தபோது, பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு அவளும் நடந்தாள்.

சீமோனைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன். அவர் சீடர் அல்ல. இரக்கப்பட்டு ஓடிவந்தவரும் அல்ல. வயலிலிருந்து வந்துகொண்டிருந்தவரைப் படைவீரர்கள் பிடித்துத் தோளில் சிலுவையை வைத்தார்கள். அவருக்கு அன்று நம்பிக்கை இருந்ததா என்று நற்செய்தி சொல்லவில்லை. அவர் சுமந்தார் என்று மட்டும் சொல்கிறது. ஆனால் மாற்கு, இவர் அலெக்சாந்தருக்கும் ரூபுவுக்கும் தந்தை என்று போகிற போக்கில் எழுதுகிறார். வாசிக்கிறவர்களுக்கு அந்தப் பிள்ளைகளைத் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயர் சொல்லியிருக்க மாட்டார். கட்டாயத்தில் சுமந்த மனிதனின் பிள்ளைகள் சபைக்குள் இருந்திருக்கிறார்கள். நம்பிக்கை முதலில் வந்து அதன்பிறகு தோள் கொடுப்பது ஒரு வழி. தோளில் பாரம் வந்து அதன்பிறகு நம்பிக்கை வருவதும் உண்டு.

மாற்கு சொல்கிற இன்னொரு நிகழ்ச்சி இதைவிடத் துணிச்சலானது. முடக்குவாதக்காரர் ஒருவரை நாலு பேர் தூக்கிவந்து, கூட்டத்தால் உள்ளே நுழைய முடியாமல், கூரையைப் பிரித்துக் கட்டிலோடு இறக்குகிறார்கள். தூக்கிவந்தவர்களின் நம்பிக்கையைப் பார்த்து இயேசு படுத்திருப்பவரின் பாவங்களை மன்னிக்கிறார். படுத்திருந்தவர் அந்த நிகழ்ச்சி முழுவதிலும் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவர் நம்பினாரா, வேண்டாம் என்று சொல்லக்கூட முடியாமல் கிடந்தாரா, தெரியாது. நாலு பேரின் தோள் அவரை அங்கே சேர்த்தது.

ஒருவரின் நம்பிக்கை இன்னொருவருக்கு உதவுமா என்பது லேசான கேள்வி அல்ல. அவரவர் வினை அவரவருக்கு என்று கேட்டு வளர்ந்த நாட்டில் வாழ்கிறோம். அந்தக் கண்டிப்பில் ஒரு நேர்மை இருக்கிறது, அதை நான் மதிக்கிறேன். ஆனால் கத்தோலிக்கத் திருச்சபை இந்த இடத்தில் வேறு பக்கம் நிற்கிறது. பேசத் தெரியாத குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுக்கிறோமே, யாருடைய நம்பிக்கையில்? பெற்றோர், ஞானப்பெற்றோர், சுற்றி நிற்கிற சபை ஆகியோரின் நம்பிக்கையில். ஒவ்வொரு திருப்பலியிலும் சமாதானம் சொல்லிக்கொள்வதற்கு முன், எங்கள் பாவங்களைப் பாராமல் திருச்சபையின் நம்பிக்கையைப் பார்க்கும்படி குரு ஆண்டவரிடம் கேட்கிறார். தன் நம்பிக்கையைப் பார் என்று சொல்ல அவருக்கும் துணிவில்லை. இதைப் பல்லாண்டு கேட்டிருந்தும், வாசலில் உதடு அசையாமல் நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்த பிறகுதான் அந்தச் செபம் யாருக்காக என்று எனக்குப் புரிந்தது.

என் நோன்பை என் மதிப்புக்குப் பயன்படுத்தாதே என்று உள்ளறை எனக்குச் சொல்கிறது. என் குரலை எனக்கென்று மட்டும் வைத்துக்கொள்ளாதே என்று தெரு சொல்கிறது. அந்தப் பையன் இன்று கேட்டால் இப்படித்தான் தொடங்குவேன்.

தொடங்குவேனே தவிர, தெருவைப் புகழ்ந்துகொண்டே போகமாட்டேன். தெருவில் என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். சிலுவைப் பாதைக்கு ஒலிபெருக்கி கொடுத்தவர் பெயர் பெரிதாக எழுதப்பட்டுத் தொங்கும். எந்த அன்பியத்துக் கஞ்சி நன்றாக இருந்தது என்று ஒப்பிட்டுச் சண்டை வரும். கடனில் தவிக்கிறவர் பெரிய வெள்ளி அலங்காரத்துக்கு வரி கட்ட வேண்டும். இவற்றைப் பங்குப்பேரவையில் நான் எதிர்த்துப் பேசியிருக்கிறேன், இன்னும் பேசுவேன். இவற்றைவிடக் கனமானது ஒன்று உண்டு. எங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை வடக்கன்குளம். 1745இல் தேவசகாயம் பிள்ளை திருமுழுக்குப் பெற்ற ஊர் அது. சாதி பாராமல் எல்லோரோடும் பழகியதும் அவர்மேல் சுமத்தப்பட்ட குற்றங்களில் ஒன்று. 1752இல் ஆரல்வாய்மொழிக்கு அருகில் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோயிலையே சாதிக்கு ஒரு பக்கமாகப் பிரித்துக் கட்டினார்கள். ஒரே பலிபீடத்தைப் பார்த்து, ஒருவரையொருவர் பார்க்காமல் மக்கள் மண்டியிட்டார்கள். தடுப்பு 1910இல்தான் இடிபட்டது. இன்றும் தமிழ்நாட்டில் சில பங்குகளில் கல்லறைத் தோட்டம் தனித்தனியாக இருக்கிறது.

அந்தக் கோயிலிலும் தவக்காலம் நடந்திருக்கும். அங்கேயும் சாம்பல் பூசியிருப்பார்கள். கூட்டமாக இருப்பதாலேயே கூட்டம் பரிசுத்தமாகிவிடாது. திருநீற்றுப் புதனுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை எசாயாவின் ஐம்பத்தெட்டாம் அதிகாரத்தை வாசிக்க வைத்திருக்கிறார்கள். கட்டுண்டவரின் கட்டை அவிழ்ப்பதும் பசித்தவரோடு உணவைப் பகிர்வதும்தான் கடவுள் விரும்பும் நோன்பு என்று அது கண்டிப்பாகச் சொல்கிறது. யோவேல் கூட்டச் சொன்ன ஊரில் விடுபட்டவர் யாருமில்லை என்பதை நான் மறக்க விரும்பவில்லை. ஒருவரை வெளியே நிறுத்திவிட்டுக் கூடுகிற கூட்டத்துக்கு இயேசுவின் உள்ளறை தேவைப்படுகிறது. அங்கே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, சுவர் கட்டிய தன் கையை அது தனியாகப் பார்க்க வேண்டும்.

கூடுவதில் நல்ல திருத்தங்களும் நடந்திருக்கின்றன. என் பாட்டி காலத்தில் உயிர்ப்புத் திருவிழிப்புச் சடங்கைச் சனிக்கிழமை காலையிலேயே முடித்துவிடுவார்கள். புதுத் தீ, புதுத் தண்ணீர், பாஸ்கா மெழுகுதிரி எல்லாம் பட்டப்பகலில், குருவும் கோயில்பிள்ளையும் சில கிழவிகளுமாக. மற்றவர்கள் கடலிலும் சந்தையிலும் இருப்பார்கள். திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1951இல் தொடங்கி அதை இரவுக்குத் திருப்பிக் கொண்டுவந்தார். ஆளில்லாத கோயிலில் செய்தாலும் சடங்கு செல்லும்தான். ஆனாலும் இருட்டில் ஊர் முழுக்கக் கூடி, ஒரு தீயிலிருந்து ஒவ்வொரு கையாக மெழுகுதிரி பற்றிக்கொண்டு போவது வேண்டும் என்று அவருக்குப் பட்டது. பாதம் கழுவும் சடங்கிலும் அப்படி ஒரு கதவு திறந்தது. 2016 ஜனவரியில் திருத்தந்தை பிரான்சிஸ் பெண்களின் பாதங்களையும் கழுவலாம் என்று ஆணையிட்டார். எங்கள் கோயிலில் பெண்கள் அந்த நாற்காலிகளில் முதன்முதலாக உட்கார்ந்த பெரிய வியாழனன்று, கடவம் சுமந்து மீன் விற்கிற ஓர் அக்காவும் இருந்தார். வெடித்த குதிகாலை மறைக்கச் சேலையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தார். பங்குத்தந்தை குனிந்து தண்ணீர் ஊற்றி, துடைத்து, முத்தி செய்தார். அந்த அக்கா அத்தனை பேர் முன்னால் அதை ஏற்றுக்கொண்டார். கொடுப்பதை மறைவில் செய்யலாம். இப்படிப் பெற்றுக்கொள்வதற்கு இன்னொருவர் எதிரே இருந்தாக வேண்டும்.

2020இல் எங்கள் எல்லோருக்கும் உள்ளறை கட்டாயமாயிற்று. மார்ச் 25 ஊரடங்கு. பூட்டிய கோயிலில் குருத்தோலை இல்லாத குருத்து ஞாயிறு. ஏப்ரல் 10 பெரிய வெள்ளியன்று மாதா தொலைக்காட்சிக்கு முன்னால் நான் மண்டியிட்டேன். அந்த நாள்களில் செபம் எனக்கு ஆழமாகவே இருந்தது. சத்தமில்லை, அடுத்த நிலைக்கு யார் வாசிப்பார் என்ற கவலையில்லை, கஞ்சிப் பானையின் ஞாபகமில்லை. மறைவில் செபிப்பவருக்குத் தந்தை பலன் தருவார் என்று மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் உள்ள வாக்குறுதி மெய் என்று சாட்சி சொல்வேன். ஆனால் சாயங்காலம் செபமாலை எடுத்தால், மங்கள வார்த்தையின் முதல் பாதியையும் நான் சொன்னேன், இரண்டாம் பாதியையும் நானே சொன்னேன். வேறு யாராவது சொல்லி எனக்குத் திருப்பித் தர வேண்டிய பாதி அது. எனக்காவது வாய் வந்தது. ஐந்தாம் நிலை வீட்டுப் பெண் அந்த மாதங்களில் யாருடைய குரலுக்குப் பக்கத்தில் நின்றிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். அவள் இப்போது வருகிறாள். பின்வரிசையில் உட்காருவாள். வாய் திறந்து செபிக்கிறாளா என்று நான் பார்ப்பதில்லை.

என் மகன் சவூதியில் வேலை பார்க்கிறான். அங்கே கோயில் கிடையாது. பிற மதத்தவர் வெளிப்படையாக வழிபாடு செய்யவும் முடியாது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகள் அவனுக்கு விடுமுறை நாள். தங்குமிடத்தில் ஓர் அறைக்குள் கதவைச் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, சிலர் கூடுகிறார்கள்: எங்கள் கரையோரத்துப் பையன்கள், ஒரு மலையாளி, ஒரு கோவாக்காரர், ஒரு பிலிப்பைன்ஸ்காரர். பாட்டு இல்லை, சத்தம் வெளியே போகாத அளவுக்குக் குரல். சிலுவைக்குப் பதிலாகக் கைப்பேசியில் ஒரு படம். இங்கே நாங்கள் மாலை ஆறு மணிக்குத் தெருவில் தொடங்கும்போது அங்கே மூன்றரை. எங்கள் சிந்தனைப் புத்தகத்தின் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொல்வான், அனுப்புவேன்.

போன தவக்காலத்தில் ஒரு வெள்ளி முடிந்து பேசினான். மற்றவர்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாசித்தார்களாம். ஒரு நிலையைப் பிலிப்பைன்ஸ்காரர் தன் மொழியில் வாசித்தாராம். “அவரு என்ன வாசிச்சாருன்னு எங்க யாருக்கும் தெரியாதும்மா. ஆனா எப்ப பதில் சொல்லணும்னு தெரிஞ்சுது. சொன்னோம்.” அடுத்த வாரத்துக்கு மலையாளப் புத்தகம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்திருப்பதாகவும், தமிழ்ப் பக்கங்களை இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எடுத்து அனுப்ப வேண்டும் என்றும் சொல்லிவிட்டு வைத்தான்.